மச்சான் மேல் படாத பந்து

கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. பந்து உள்ளே போனால்தான் ஊரே திரும்பிப் பார்க்கும். பன்னிரண்டு வருடமாக நான் ஹொக்கியில் கோல் காக்கிறேன். மறித்த பந்துகளைப் பற்றி யாராவது என்னிடம் கதைத்ததாக ஞாபகம் இல்லை. விட்ட பந்துகளைப் பற்றி இன்னமும் கதைக்கிறார்கள்.

எங்கள் அணி மாவட்டப் போட்டியின் மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய பருவத்தைப் பற்றித் தேநீர்க்கடையில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மைதானம் சரியில்லை, நடுவர் சரியில்லை, நோன்பு முடிந்த கையோடு போட்டியை வைத்தது சரியில்லை. எனக்கு இவை எல்லாம் சாக்கு. நான் மறித்துக்கொண்டிருந்த வரைக்கும் எங்கள் ஆட்கள் கோல் அடிக்கவில்லை. அவர்கள் அடிக்கத் தொடங்கிய அன்று மறிப்பதற்கு நான் இல்லை. நடந்தது இவ்வளவுதான். ஏன் அப்படி நடந்தது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது இறக்காமத்தில். நெல் வேளாண்மை கதிராகும் காலத்தில் வாப்பாவோடு யானைக் காவலுக்குப் போய்ப் பழகியவன். ஒன்றும் வராத நேரத்திலும் கண்ணை எடுக்காமல் நிற்கிற குணம் அங்கே வந்தது என்று நான் சொல்வேன். அது வெறும் பிடிவாதம் என்று என் மனைவி சொல்வாள். கல்முனையில் விடுதியில் தங்கிப் படித்தபோது, கோலுக்குள் நிற்க வேறு யாரும் முன்வராததால் என்னை நிறுத்தினார்கள். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு டயர்க் கடையில் வேலை கிடைத்தது. பிறகு கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்து ஊரொன்றில் கல்யாணம் முடித்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே எங்கள் ஊர் அணி என்று சொல்லப்படுவதில் பாதிப் பேர் வெளியூரில் பிறந்த மாப்பிள்ளைமார். ஊரில் பிறந்து, ஊர் மணலில் ஓடிப் பழகிய பையன்கள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் நன்றாக விளையாடத் தொடங்கும்போது இன்னோர் ஊருக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவார்கள். வளர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை, அனுபவிப்பது அடுத்த ஊரின் வேலை. அவர்களும் எங்களைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள்.

என் மனைவியின் தம்பி அப்போது எங்கள் அணியின் முன்வரிசையில் விளையாடியவன். அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டான், ஓடினால் பிடிக்க முடியாது. கோல் அடிக்க வேண்டியவன் அவன்தான், வேறு ஆள் இல்லை. அந்தப் பருவம் முடிந்ததும் அவனுக்கு நிக்காஹ் என்று தெற்கே ஓர் ஊரில் பேசி முடித்திருந்தார்கள். முதல் போட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, பின்னாலிருந்து என் காதருகே சொன்னான்:

"மச்சான், ஊர உட்டுப் போகக்குள்ள ஒரு பேரோட போகணும். டீம இறக்கிப்போட்டுப் போனவன் எண்டு என்னச் செல்லப்படா."

"செல்லமாட்டாங்க. நீ கோல் அடி, மிச்சத்த நான் பாக்கன்" என்றேன். அப்போது அது சுலபமான காரியமாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு வீட்டு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை சில நேரம் மூச்சு முட்ட வைக்கும். நான் படியேறினால் தொலைக்காட்சியின் சத்தம் குறையும். நான் உட்காரும் கதிரையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தும்மினால் கொத்தமல்லி அவித்த தண்ணீர் வரும். மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வது போல எனக்குச் சொல்வார். மாமா எப்போதோ மௌத்தாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் இந்த மரியாதையில் பாதியை அவர் வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பருவத்துக்கு முன், கல்யாணமான புதிதில் ஒருநாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் மச்சானும் மைதானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். புழுக்கமாக இருந்ததால் நான் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்திருந்தேன். அவன் அடித்த பந்து கல்லொன்றில் பட்டு எழும்பி என் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பெரிய காயம் இல்லை. ஆனால் காதில் இருந்து வழிகிற இரத்தம் சட்டைக்குப் போனால் பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும்.

வீட்டு வாசலில் எங்களைக் கண்ட மாமி முதல் தடவையாகத் திரையை விட்டு வெளியே வந்தார்.

"யா அல்லாஹ்! ஊட்டுக்கு வந்த மாப்புள்ளட மூஞ்சியிலயாடா அடிச்ச?"

"வெளையாட்டுத்தான் மாமி, ஒண்டுமில்ல" என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மச்சானைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அவன் வெளியே வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகும் நாங்கள் தினமும் பயிற்சி எடுத்தோம். அவன் பந்தை மூலைக்கு மூலை வைக்கப் பார்ப்பான். நான் பாய்ந்து மறிப்பேன். சில நேரம் பந்து கம்பத்துக்கு வெளியே போகும். என் மேல் ஒன்றும் படாது. நான் அவ்வளவு கெட்டிக்காரக் கீப்பர் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அவன் நுட்பமாக அடிக்கப் பழகுகிறான் என்று நினைத்தேன். பயிற்சியில் ஏன் இவன் ஒரு தடவையாவது முழு மூச்சில் நேரே அடிக்கிறான் இல்லை என்று நான் கேட்டிருக்கவில்லை. மறிக்கிறவனுக்கு அந்தக் கேள்வி வராது.

அந்தப் பருவத்தின் முதல் போட்டி பூச்சியத்துக்குப் பூச்சியம். நல்ல தொடக்கம் என்றார்கள். இரண்டாவதில் ஒரு கோலால் தோற்றோம். எதிரணி அடித்த பந்து எங்கள் பின்வரிசைக்காரரின் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. அவர் ஒரு மீன் வியாபாரி. காலையில் சந்தையில் மீன் வெட்டுவார், அஸருக்குப் பிறகு ஸ்டிக்கோடு வருவார். வாய் ஓயாத மனிதர். அதற்கடுத்த போட்டியும் பூச்சியத்துக்குப் பூச்சியம்.

ஒவ்வொரு போட்டியிலும் மச்சானுக்கு இரண்டு மூன்று வாய்ப்புக் கிடைத்தது. ஒவ்வொன்றும் கம்பத்துக்கு வெளியே போனது. மைதானத்தின் மறுகோடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைப் போலத் தண்டனை வேறில்லை. இங்கே நான் உடம்பெல்லாம் கன்றிப்போய் நிற்கிறேன், அங்கே அவன் கீப்பரை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு பந்தை வெளியே தட்டுகிறான். எனக்கு வாய் அடங்காது. கோலுக்குள் நின்றபடி அவனை ஏசுவேன். கடலோரக் காற்றில் அது அவனுக்குக் கேட்காது. கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

"கோலுக்குள்ள பன்னெண்டடி அகலம் கிடக்கு" என்று மீன் வியாபாரி ஒருநாள் சொன்னார். "நம்மட புது மாப்புள்ள அந்தப் பன்னெண்டடியத் தவிர மத்த எல்லா இடத்திலயும் அடிக்கான்."

அணியின் வாட்ஸப் குழுவில் யாரோ கடலின் படத்தைப் போட்டு, நம்மட ஆள் அடித்த பந்தெல்லாம் இங்கேதான் கிடக்கிறது என்று எழுதியிருந்தான். அதற்குச் சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. மச்சான் அதைப் பார்த்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலைச் சாயத் தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனான்.

கடைசிக்கு முந்திய போட்டியில்தான் எனக்கு விளங்கியது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும். பந்து மச்சானிடம் வந்தது. முன்னால் கீப்பர் மட்டும். அந்தக் கீப்பர் பயத்தில் கால்களை அகட்டிக்கொண்டு நின்றான், நேரே அடித்தால் கால்களுக்கு நடுவே போய்விடும். நான் மறுகோடியில் இருந்து அதைக் கண்டேன். மச்சான் ஸ்டிக்கை ஓங்கினான். கடைசிக் கணத்தில் அவனுடைய மணிக்கட்டு திரும்பியது. பந்து கீப்பரைச் சுற்றி, அவன் உடம்பில் பட்டுவிடக் கூடாது என்பது போல விலகி, கம்பத்தையும் விட்டு விலகிப் போனது.

பயிற்சியில் தினமும் நான் கண்ட அதே அடி.

வரும் வழியில் வயலோரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

"என்னத்துக்குக் கையத் திருப்பின?"

"தெரியா மச்சான். கீப்பரக் கண்டவுடனே கை தானாத் திரும்புது."

"தானாத் திரும்புறத்துக்கு அது என்ன மத்தவன்ட கையா?"

அவன் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"எந்தக் கீப்பரக் கண்டாலும் எனக்கு ஒங்கட மூஞ்சிதான் தெரியிது. அண்டைக்கு ஒங்கட காதில பட்டிச்சே, அதோட உம்மா சத்தியம் வாங்கின. மச்சான்ட மேல இனிப் பந்து படப்படா எண்டு. அல்லாஹ்ட பேரால சத்தியம் பண்ணிக் குடுத்திரிக்கன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அடிக்கலாம் போல இருந்தது. மாமியைப் போய்க் கேட்கலாம் போல இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை மறிப்பும் எனக்குக் கொடுக்கப்பட்ட மரியாதைதான் என்பது தாங்க முடியாததாக இருந்தது. ஒருத்தனை மறிக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பழக்கம் அவன் கையில் ஏறி, எதிரே யார் நின்றாலும் காப்பாற்றத் தொடங்கிவிட்டது.

கடைசிப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதில் சமநிலை வந்தாலே போதும், மேல் பிரிவில் தப்பிவிடலாம். தோற்றால் இறங்க வேண்டியதுதான்.

அன்று மாலையே மாமியிடம் கதைத்தேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, நேரே, கொஞ்சம் உரத்தே கதைத்தேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திய முதல் நாள் அது. மகனை அந்தச் சத்தியத்தில் இருந்து விட்டுவிடச் சொன்னேன். என் மனைவி கதவுக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

மாமி திரைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார்:

"மகள், மாப்புள்ளக்கிட்டச் செல்லுங்க. நானும் ஒரு ஆம்புளப் புள்ளய வேற ஊட்டுக்கு அனுப்பப்போறன். நான் இஞ்ச மாப்புள்ளய எப்பிடி வெச்சிரிக்கனோ, அப்பிடித்தான் அங்க என்ட புள்ளய வெப்பாங்க. அல்லாஹ் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கான்."

அதுவரை எனக்குக் கிடைத்த கொத்தமல்லித் தண்ணீரும், கதிரையும், குறைந்த தொலைக்காட்சிச் சத்தமும் எனக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு தாய் தன் மகனுக்காக என்னிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் எங்கேயோ போய்விட்டது.

நிலத்தில் உட்கார்ந்திருந்த மச்சான்தான் வாய் திறந்தான்.

"உம்மா, நான் இப்பிடியே போனா அங்க மரியாத தருவாங்களா? டீம இறக்கின மாப்புள்ள எண்டுதான் செல்லுவாங்க. எனக்கு ஒரே ஒரு தடவ அடிக்க உடுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன் மாமி பெரிய சட்டியில் சோறும் மாட்டிறைச்சியும் ஆக்கிக்கொண்டிருந்தார். சத்தியத்தை முறிப்பதற்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று எங்கள் மார்க்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, திரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மகள், தம்பிக்கிட்டச் செல்லுங்க. அடிக்கட்டாம். மாப்புள்ளட கையில காலில படாமப் பாத்து அடிக்கட்டாம்."

அதைக் கேட்டு என் மனைவி சிரித்துவிட்டாள். அவள் அந்த வாரம் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் நாள் பயிற்சியில் அவனால் முடியவில்லை. சத்தியம் போய்விட்டது, கை போகவில்லை. நான் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கோலுக்கு நட்டநடுவில் அசையாமல் நின்றேன். "என்ட நெஞ்சில அடி" என்றேன். பந்து விலகிப் போனது. "நான் ஒங்கட ஊட்டு மாப்புள்ள இல்ல, ஆரோ ஒருத்தன்" என்றேன். விலகிப் போனது. கடைசியில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். ஊரைச் சொன்னேன், கடல் படத்தைச் சொன்னேன், அவனைக் கட்டப்போகிறவள் கேட்டால் வெட்கப்படுவாள் என்று சொன்னேன். அவன் முகம் சிவந்தது. ஓங்கி அடித்தான்.

பந்து என் நெஞ்சுக் கவசத்தில் விழுந்து மூச்சை அடைத்தது. நான் இருமிக்கொண்டே சிரித்தேன். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அடித்துக்கொண்டே இருந்தான். கால் கவசத்தில், வயிற்றில், தோளில், கால்களுக்கு நடுவில். நான் மறித்ததும் உண்டு, மறிக்க முடியாமல் போனதும் உண்டு. முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒழுங்காக விளையாடினோம். அந்தப் பருவத்தில் எனக்குச் சந்தோஷம் என்று இருந்தது அந்த மாலைகள்தான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவன் அடித்த பந்து என் வலது கையைக் கம்பத்தோடு சேர்த்து நசுக்கியது. கையுறை பழையது, பஞ்சு செத்துப்போனது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்முனை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டார்கள். மச்சான் வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து, குனிந்து அழுதான்.

"அழுதா கை கூடுமா? நாளண்டைக்கு இதே அடிய அவங்கட கீப்பருக்கு அடி" என்றேன். பயமும் கவலையும் எனக்கும் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மாமி என் கட்டைப் பார்த்தார். "நான் அப்பவே சென்னன்" என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. தொழுகைப் பாயில் வழக்கத்தை விட நெடுநேரம் இருந்தார்.

கடைசிப் போட்டிக்கு என் கவசங்களை அணிய யாரும் முன்வரவில்லை. மீன் வியாபாரி எடுத்துக் கட்டிக்கொண்டார். "மீனுக்கு முன்னால நிக்கிற மாதிரித்தான் நிக்கணும்" என்று ஏதோ சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் எங்கள் கோலுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

மச்சான் முதல் கோலை அடித்தபோது எனக்கு எழும்பி நிற்கத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீப்பர் முன்னேறி வந்தான், மச்சான் கையைத் திருப்பவில்லை. பந்து கீப்பரின் கால்களுக்கு நடுவே போய்ப் பலகையில் அடித்தது. அந்தப் பருவத்தில் எங்கள் அணி அடித்த முதல் கோல். எங்கள் ஆட்கள் ஓடிப்போய் அவன் மேல் விழுந்தார்கள். கடல் படத்தைப் போட்டவனும் அதில் இருந்தான்.

ஆனால் இந்தப் பக்கம் மீன் வியாபாரி கீப்பரைப் போல நிற்கவில்லை. இத்தனை வருடம் பின்வரிசையில் நின்ற மனிதர், பந்தைக் கண்டதும் ஸ்டிக்கால் அடிக்கப் போனார். எதிரணியின் முதல் கோல் அவர் ஸ்டிக்குக்குக் கீழால் போனது. இரண்டாவது அவர் விழுந்து எழும்புவதற்குள் போனது. நான் பின்னாலிருந்து கத்தினேன், "நில்லுங்க, போகாதீங்க, நில்லுங்க!" அவர் போனார்.

இரண்டாவது பாதியில் மச்சான் மீண்டும் அடித்தான். இந்தத் தடவை நேரே கீப்பரின் கைக்கு. கீப்பர் கையை வைத்தான். கையையும் தள்ளிக்கொண்டு பந்து உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு. அப்படியே முடிந்தால் போதும்.

முடியவில்லை. கடைசி நிமிடங்களில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கோனர், கிட்ட இருந்து கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு, கிடைத்தது. பந்தை அடிக்க வந்தவன் தோளைச் சாய்த்த விதத்தில் அது இடது பக்கக் கீழ் மூலைக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதிரையில் இருந்தபடி என் இடது கால் தானாக நீண்டது. மீன் வியாபாரி வலப்பக்கம் விழுந்தார்.

நாங்கள் இறங்கினோம்.

வாட்ஸப்பில் அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள். சொந்த மச்சானின் கையை உடைத்துவிட்டு இரண்டு கோல் அடித்து யாருக்கு என்ன லாபம் என்று ஒருவன். பருவம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி நாளில் வீரம் காட்டினான் என்று இன்னொருவன். நான் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் போட்டேன். நான்கு வரி எழுதுவதற்குள் அவர்கள் நாற்பது வரி எழுதிவிட்டார்கள். குழுவை விட்டு வெளியேறினேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையைக் கொண்டு போகிற வாகனத்துக்கு அணியில் இருந்து யாரும் வரவில்லை, மீன் வியாபாரியைத் தவிர. வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, நேரத்துக்கு முன்னரே வந்து நின்றார். மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூண்டையும் உட்டது நான். நீங்க ரெண்டு அடிச்சீங்க. ஆருக்கிட்டயும் தலையக் குனியாதீங்க மாப்புள்ள" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் விட்ட மூன்று கோலையும் நான் மன்னித்தேன்.

பெண் வீட்டில் மாப்பிள்ளையை நான்தான் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனேன், இடது கையால். கட்டுப் போட்ட வலது கை எல்லோர் கண்ணிலும் பட்டது. பெண்ணின் உம்மா திரைக்குப் பின்னால் இருந்து, அந்த மச்சானின் கைக்கு என்ன நடந்தது என்று கேட்டனுப்பினார். நான் வாய் திறப்பதற்குள் மீன் வியாபாரி முந்திக்கொண்டார்.

"அது எங்கட மாப்புள்ள அடிச்ச அடி! பந்து எலும்ப முறிச்சிப்போட்டுத்தான் நிண்டது. இந்த மாவட்டத்தில அப்பிடி அடிக்க வேற ஆளில்ல."

ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் புகழ்வதற்கு இதைவிட நல்ல சொற்கள் அவரிடம் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. திரைக்குப் பின்னால் பேச்சு நின்றது.

சில மாதம் கழித்து என் கை கூடிய பிறகு அவனைப் பார்க்கப் போனேன். பகல் சாப்பாட்டு நேரம். சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றை வைத்து அவனையும் என்னையும் உட்கார வைத்தார்கள். அவன் பெண்டாட்டியின் தம்பி, வாட்டசாட்டமான ஆள், கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றான். மச்சான் கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான். முகத்தில் நல்ல களை. ஒரு குறையும் இல்லாத வீடு.

"இஞ்சத்த டீமில ஆடுறயா?" என்று கேட்டேன்.

"மாமி உடமாட்டா மச்சான். கை கால் முறியிற வெளையாட்டு நம்மட மாப்புள்ளைக்கு வேணா எண்டு செல்லிப்போட்டா. டீமில இரிந்தும் வந்து கேட்டாங்க. அவங்களையும் ஏசி அனுப்பிட்டா." சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். "என்னத் தாங்கு தாங்கெண்டு தாங்குறாங்க. உம்மாக்கிட்டச் செல்லுங்க."

சொன்னேன். அன்று மாலை மாமியிடம் அப்படியே சொன்னேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார், திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்ட துஆ கபூலாகி, கேட்டபடியே கிடைத்திருந்தது.

ஆனால் நான் அங்கே இருந்தபோது நடந்த ஒன்றை மாமியிடம் சொல்லவில்லை. தண்ணீர்ச் செம்புக்காரன் உள்ளே போன நேரம் பார்த்து மச்சான் என் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், அந்த ரெண்டாவது கோல். நீங்க வடிவாக் கண்டீங்கதானே?"

"கண்டன்."

"அவன் கைய வெச்சான்தானே? வெச்சும் போனதுதானே?"

"ஓம். கைய வெச்சான். வெச்சும் போன."

அவன் தலையாட்டினான். இன்னும் ஏதோ கேட்க வந்தான். அதற்குள் உள்ளேயிருந்து அவனுடைய மாமியின் குரல் கேட்டது, மாப்பிள்ளைக்கு இறைச்சி வைக்கச் சொல்லி. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டான்.